நான்கு ஏக்கருக்கும் ஒரே கார்டு, ‘செம்மண்’: நடுச்சரிவில் மட்டும் மாங்கன்று காய்வது ஏன்?

செவக்காட்டு மகள் (கே.ஆர்.புரம்) – சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் நிலம் நான்கு ஏக்கர், ராயக்கோட்டை பக்கம். அப்பா போனபிறகு மூன்று வருடமாக நானும் வீட்டுக்காரரும் வாரக்கடைசியில் பெங்களூரிலிருந்து போய்ப் பார்த்துக்கொள்கிறோம். நிலம் சரிவானது. மேட்டில் நல்ல செவல். ஓடைப் பக்கம் இறங்க இறங்க மண் கருத்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் மேட்டிலிருந்து பாதிச் சரிவு வரை அறுபது மாங்கன்று வைத்தோம். மேலே இருக்கும் நாற்பதும் ஆள் உயரம் வந்துவிட்டன. நடுச்சரிவில் வைத்த இருபது மட்டும் இடுப்பளவுகூட வரவில்லை. இந்தச் சித்திரையில் அதில் ஆறு கருகிவிட்டன. ஒரே நர்சரிக் கன்று, ஒரே அளவுக் குழி, ஒரே சொட்டுநீர்.

மண் பரிசோதனை செய்தாயிற்று. மாதிரி எடுக்க வந்த பையன் ஐந்தாறு இடத்தில் மேல்மண்ணை எடுத்து ஒரே பையில் கலந்து கொண்டுபோனான். வந்த தாளில் பி.எச். 6.6, கரிமச்சத்து 0.41 சதவீதம், மணிச்சத்து குறைவு, மண் வகை ‘செம்மண்’ என்று இருக்கிறது. அப்புறம் மொத்த நிலத்துக்கும் ஒரே உர அட்டவணை. அதன்படிதான் உரம் போட்டோம்.

அப்பாவின் தகரப் பெட்டியில் பழைய காகிதம் ஒன்று கிடைத்தது. அதில் எங்கள் பக்கத்து மண்ணை ‘உஸ்ட்ரோபெப்ட்’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரரிடம் இருக்கும் புதுத் தாளில் ‘ஹாப்ளுஸ்டெப்ட்’. எது சரி? இந்தப் பெயரெல்லாம் தெரிந்து என் கன்றுக்கு ஏதாவது ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் ஜெயநகர் – சனி, இரவு 10:05

அக்கா, செம்மண் எல்லா இடத்திலும் செம்மண்தான். கரிமச்சத்து 0.41 என்றால் குறைவு. கன்றுக்கு இரண்டு கூடை தொழுவுரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு போட்டு மூடாக்கு போடுங்கள், தேறிவிடும். பெயரைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம்.

குழிக்காரர் (மத்திகெரே) – ஞாயிறு, காலை 6:20

அம்மா, முப்பத்தோரு வருடம் மண் ஆய்வுக் குழிகளுக்குள் இறங்கி ஏறியவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் மண் என்றால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பது சத்துப் பரிசோதனை. 2015 பிப்ரவரி 19ஆம் தேதி ராஜஸ்தான் சூரத்கட்டில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கினார்களே, அதிலும் இதுதான். பன்னிரண்டு அளவுகள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், ஐந்து நுண்சத்துகள், பி.எச்., உப்பின் அளவு, கரிமச்சத்து. எல்லாம் மேல் 15 செ.மீ. மண்ணில் பார்ப்பது. உரம் எவ்வளவு போடலாம் என்பதற்கு அது போதும். உங்கள் மண் எது என்று அது சொல்லாது. சொல்ல வேண்டும் என்று அதை யாரும் உருவாக்கவும் இல்லை. ‘செம்மண்’ என்பது பையைத் திறந்தவர் நிறத்தைப் பார்த்து எழுதியது. போதாக்குறைக்கு மூன்று விதமான இடத்து மண்ணைக் கலந்துவிட்டார்கள். அந்தக் கலவை உங்கள் நிலத்தில் எந்த மூலையிலும் கிடையாது.

மாமரம் 15 செ.மீ.யிலா நிற்கிறது? அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உரத்தைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை.

குழி வெட்டுங்கள். மேடு, நடுச்சரிவு, ஓடைக்கரை, மூன்று இடத்திலும். ஆள் இறங்கி நிற்கிற அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், அல்லது கடப்பாரை திரும்புகிற வரை. வெயில் படும் பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, அந்தப் பக்கத்துக்கு மேலே யாரும் மிதிக்காமல், மண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தியால் அந்த முகத்தை மேலிருந்து கீழே லேசாகக் கிளறிவிடுங்கள். மண்வெட்டி இழுத்த முகம் வழவழவென்று பொய் சொல்லும். கிளறினால்தான் மண்ணின் உண்மையான கட்டி, வேர், கல் தெரியும்.

பிறகு நிறமும் கடினமும் மாறுகிற இடமெல்லாம் ஒரு குச்சி குத்தி, டேப்பில் ஆழம் குறியுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஈர நிறம், கல் எத்தனை பங்கு, வேர் எதுவரை போகிறது, கையில் பிசைந்தால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். செவலைப் பிசையும்போது அவசரப்படக் கூடாது. இரும்பு ஆக்சைடு களியைச் சின்னச் சின்ன உருண்டையாகக் கட்டிவைத்திருக்கும். முதலில் மணல் மாதிரி நெறுநெறுக்கும். தண்ணீர் விட்டு மூன்று நான்கு நிமிடம் விடாமல் பிசைந்தால் பிசுபிசுவென்று களி வெளியே வரும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் இங்கேதான் களியைக் குறைத்து எழுதுவார்கள்.

பெயர் விஷயம். இரண்டு தாளும் சொல்வது ஒரே வகை மண்ணைத்தான்; ஒன்று பழைய பெயர், ஒன்று புதிய பெயர். அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாட்டு நூல் 1975இல் வந்தது. நம் நாட்டு மண் ஆய்விலும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறோம். அதில் வெப்ப மண்டல மண்களுக்கு ‘ட்ரோப்’ என்ற துண்டைப் பெயருக்குள் வைத்திருந்தார்கள். 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது இல்லை. உஸ்ட்ரோபெப்ட்களில் பெரும்பாலானவை ஹாப்ளுஸ்டெப்ட் ஆகிவிட்டன. மண் மாறவில்லை. வெப்ப மண்டலம் என்ற தகவலைப் பெயரின் வேறொரு பகுதி சொல்கிறது: ‘ஐசோஹைபர்தெர்மிக்’. 50 செ.மீ. ஆழத்தில் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 22 டிகிரியோ மேலோ, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வித்தியாசம் 6 டிகிரிக்குள். பெங்களூர், ராயக்கோட்டை எல்லாம் அதில் வரும். ‘உஸ்ட்’ என்பது மழைக்காலம் உண்டு, ஆனால் மண் நீண்டநாள் காய்ந்தும் கிடக்கும் என்பதைச் சொல்கிறது.

வெட்டிவிட்டு எழுதுங்கள். வெட்டாமல் நான் ஊகம் சொல்ல மாட்டேன்.

எலக்ட்ரானிக் சிட்டி (ஒசூர் சாலை) – ஞாயிறு, காலை 11:15

ஐயா, ஒரு சந்தேகம். பெங்களூரைச் சுற்றி இருப்பது லேட்டரைட் என்றுதான் பள்ளியில் படித்த ஞாபகம். வெப்ப மண்டலம், சிவப்பு என்றால் ஆக்ஸிசால் என்று வேறொரு இடத்தில் படித்தேன். நீங்கள் இரண்டையும் சொல்லவில்லையே?

குழிக்காரர் (மத்திகெரே) – ஞாயிறு, மதியம் 12:40

நல்ல கேள்வி தம்பி. இந்தக் குழப்பம் பரவலாக இருக்கிறது.

லேட்டரைட் என்ற சொல்லே நம் பக்கத்தில் பிறந்தது. பிரான்சிஸ் புகானன் மலபார்ப் பயணத்தில் அங்காடிப்புரத்தில் பார்த்ததை 1807இல் அச்சான நூலில் அப்படி எழுதினார். லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. ஏன் செங்கல்? வெட்டும்போது கோடரிக்கு இசையும், வெயில் பட்டால் இறுகிக் கல்லாகிவிடும். அங்கே அதை அறுத்துத்தான் வீடு கட்டுகிறார்கள். அது ஒரு பொருளின் பெயர். சிவந்த மண் எல்லாம் லேட்டரைட் ஆகாது. பெங்களூர் கிராமப்புறத்திலும் கோலாரிலும் லேட்டரைட் திட்டுத் திட்டாக உண்டு. ராகி விளைகிற செம்மண் நிலத்தில் பெரும்பகுதி அது கிடையாது.

ஆக்ஸிசால் அதைவிடக் கடுமையான நிபந்தனை. கிலோ களிக்கு நேரயனி மாற்றுத்திறன் (கால்சியம், பொட்டாசியம் மாதிரிச் சத்துகளைப் பிடித்துவைத்து மாற்றிக்கொடுக்கும் திறன்) 16 அலகுக்குள் இருக்க வேண்டும், இன்னும் மக்கக்கூடிய தாதுக்கள் 10 சதவீதத்துக்குக் கீழ் போயிருக்க வேண்டும், அந்த அடுக்கு குறைந்தது 30 செ.மீ. தடிமன் வேண்டும். பிரேசிலிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் பரந்து கிடக்கிறது. நம் நாட்டில் அரிது.

பெங்களூர்ச் செம்மண்ணில் பெரும்பகுதி ஆல்ஃபிசால். அடையாளம் என்ன? மேலிருந்து களி தண்ணீரோடு இறங்கிக் கீழ் அடுக்கில் படிந்திருக்கும். மேல் அடுக்கில் 20 சதவீதம் களி இருந்தால் கீழே குறைந்தது 24 இருக்க வேண்டும், அதாவது 1.2 மடங்கு. மண் கட்டியை உடைத்து லென்ஸில் பார்த்தால் பரப்பில் மெழுகு பூசின மாதிரி பளபளப்பு. கீழ்ப்பகுதியில் காரச்செறிவும் (அந்த மாற்றுத்திறனில் கால்சியம், மெக்னீசியம் போன்றவை பிடித்திருக்கும் பங்கு) 35 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது அல்டிசால். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மழை ஏறினால் அப்படி மாறும்.

மாடித்தோட்டம் நண்பருக்கும் இதுதான் என் பதில். ஆக்ஸிசால், ஆல்ஃபிசால், அல்டிசால் மூன்றும் கண்ணுக்குச் சிவப்புதான். ஒன்றில் சுண்ணாம்பு போடாமல் பயிர் தேறாது, ஒன்றில் சுண்ணாம்பே தேவைப்படாது.

கரிசல் பிள்ளை (மாரத்தஹள்ளி) – ஞாயிறு, மாலை 5:30

கோவில்பட்டிப் பக்கத்துக்காரன் நான். ஐயா சொல்வதில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை, மரியாதையோடு சொல்கிறேன். எங்கள் தாத்தா குழி வெட்டவில்லை, லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. கரிசல், செவல், சுக்கான் மண், களர், பொட்டல் என்று அவர் பிரித்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. கரிசலில் மழைக்கு எத்தனை நாள் கழித்து ஏர் இறக்கலாம் என்று மிதித்துப் பார்த்தே சொல்வார். இங்கே என்னுடன் வேலை செய்யும் வடகர்நாடகத்து நண்பர் வீட்டிலும் அப்படித்தான், கருப்புக்கு எரே, சிவப்புக்கு மசாரி, இரண்டுக்கும் விதைப்பே வேறு. உழுகிறவன் வாயில் நுழையாத பெயரை வைத்து அவனுக்கு என்ன பயன்? செவக்காட்டு அக்காவின் அப்பாவும் அந்த நடுச்சரிவுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார். அக்கா, அவர் அங்கே என்ன போட்டார்?

செவக்காட்டு மகள் (கே.ஆர்.புரம்) – ஞாயிறு, இரவு 8:10

நீங்கள் கேட்டபிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அப்பா அந்த இடத்தைச் ‘சரளைக்காடு’ என்பார். அங்கே கொள்ளு மட்டும்தான் போடுவார். சில வருடம் அதுவும் இல்லை, ஆடு மேயும். நாங்கள் டிராக்டர் விட்டுக் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நிலம் சும்மா கிடக்கிறதே என்று மாங்கன்று வைத்தோம்.

குழிக்காரர் (மத்திகெரே) – ஞாயிறு, இரவு 9:00

கரிசல் பிள்ளை கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. குழியில் இறங்குவதற்கு முன் உழவரிடம் பெயர் கேள் என்றுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சரளைக்காடு என்ற ஒரு சொல்லில் பாதி விடை இருக்கிறது.

ஆனால் ஒன்று. உங்கள் தாத்தா சொன்ன செவலும் அம்மாவின் அப்பா சொன்ன செவலும் ஒன்றா? கோவில்பட்டிச் செவலில் விளைந்ததை நம்பி ராயக்கோட்டைச் செவலில் போடலாமா? ஊர்ப் பெயர் அந்த ஊர் எல்லைக்குள் பிழையே செய்யாது. எல்லை தாண்டினால் அதே சொல் வேறு மண்ணைக் குறிக்கும். ஐதராபாத் பக்கம் பட்டாஞ்செருவில் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே ஆல்ஃபிசாலும் வெர்டிசாலும் (ஊதிச் சுருங்கும் களி மண், நம் கரிசல் மாதிரி) இருக்கின்றன. அங்கே ஆல்ஃபிசாலில் மேற்பொருக்கு இறுகி நாற்று முளைக்காமல் போவதைப் பற்றிக் கண்டதை, அதே குடும்பத்து மண் உள்ள இடத்துக்கு எடுத்துப்போக முடிகிறது என்றால் அது இந்த வாயில் நுழையாத பெயரால்தான். எனக்கு இரண்டும் வேண்டும்.

செவக்காட்டு மகள் (கே.ஆர்.புரம்) – அடுத்த ஞாயிறு, இரவு 10:30

மூன்று குழியும் வெட்டியாயிற்று. ஐயா சொன்னபடி எழுதிவைத்திருக்கிறேன்.

மேட்டுக் குழி: ஒன்றரை மீட்டர் வரை மண்தான். மேல் 18 செ.மீ. காவியும் பழுப்பும் கலந்த நிறம், பொலபொலவென்று இருக்கிறது. அதற்குக் கீழே போகப்போக நல்ல சிவப்பு. பிசைந்தால் முதலில் மணல் மாதிரி. கடிகாரம் பார்த்து நான்கு நிமிடம் பிசைந்தேன். விரலிடுக்கில் நாடா மாதிரி நீண்டு வந்தது, கை சிவந்துபோய் அடுத்த நாள்தான் போனது. 60 செ.மீ.யில் எடுத்த கட்டியை உடைத்தபோது உள்ளே ஒரு பக்கம் ஈரப் பாத்திரம் மாதிரி மினுங்கியது. மகள் பள்ளி லென்ஸில் பார்த்துவிட்டு ‘அம்மா, பெயின்ட் அடித்த மாதிரி இருக்கு’ என்றாள். மாவேர் ஒரு மீட்டர் தாண்டி இறங்கியிருக்கிறது.

நடுக் குழி: கருகிப்போன ஒரு கன்றுக்குப் பக்கத்திலேயே வெட்டினேன். 15 செ.மீ. வரை சாதாரண செவல். அப்புறம் வெங்கச்சங்கல்லும் சரளையும். சல்லடையில் சலித்து இரண்டு வாளியில் அளந்தேன், மூன்றில் ஒரு பங்குக்குமேல் கல். 40 செ.மீ.யில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பாதி மக்கிய பாறை. கடப்பாரை போட்டால் தூள் தூளாக உதிர்கிறது, மண்வெட்டி இறங்கவில்லை. கன்றின் ஆணிவேரைப் பார்த்ததும் எனக்கு மனசு என்னவோ ஆகிவிட்டது. பாறையைத் தொட்டு அப்படியே எல் எழுத்து மாதிரி திரும்பிப் படுத்து, நுனி கறுத்திருந்தது. இரண்டு வருடமாக மேலே தொழுவுரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஓடைக் குழி: கறுப்பு. வெட்டும்போதே மண்வெட்டியில் அப்பிக்கொண்டது. காய்ந்த இடத்தில் விரல் நுழைகிற வெடிப்பு, அரை மீட்டருக்கு மேல் இறங்குகிறது. 70 செ.மீ.க்குக் கீழ் சின்னச் சின்ன வெள்ளைச் சுக்கான் உருண்டை. ஆசிட் இல்லாததால் எலுமிச்சை பிழிந்தோம், உருண்டைமேல் நுரைத்தது. பக்கத்தில் உள்ள மண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

யெலஹங்கா ஆய்வகம் – திங்கள், காலை 7:45

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் மேடம். மண் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், ஒரு எச்சரிக்கை மட்டும். குழியைப் பார்த்ததும் முழுப் பெயரையும் எழுதிவிட முடியாது. ஆல்ஃபிசாலா அல்டிசாலா என்பதற்குக் காரச்செறிவு ஆய்வகத்தில்தான் வரும். களியின் தரமும் அப்படித்தான். உதாரணத்துக்கு, கீழ் அடுக்கில் மண்ணின் மாற்றுத்திறன் கிலோவுக்கு 6.3, களி 42 சதவீதம் என்று வந்தால் 6.3ஐ 0.42ஆல் வகுக்க 15. பதினாறுக்குள் வருவதால் ‘கண்டிக்’ அடுக்காக (மாற்றுத்திறன் குறைந்த களி உள்ள அடுக்கு) இருக்கலாம், பெயரே மாறும். அதே மாற்றுத்திறனுக்குக் களி 30 என்று வந்தால் 21, கதை வேறு. மேட்டுக் குழியின் மாதிரிகளை அடுக்கு வாரியாகத் தனித்தனிப் பையில் போடுங்கள், கலக்கவே கலக்காதீர்கள். களி அளக்கும்போது இரும்புக் கட்டு பிரிய நன்றாகக் கலக்கச் சொல்லுங்கள். எலுமிச்சையில் நுரைக்காவிட்டால் சுண்ணாம்பு இல்லை என்று ஆகாது, அதன் வலு குறைவு. பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான் பார்க்க வேண்டும்.

குழிக்காரர் (மத்திகெரே) – திங்கள், இரவு 8:50

ஆய்வகத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஆகவே நான் சொல்வது குழியளவிலான முடிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் இருப்பது ஆல்ஃபிசால் என்றே நினைக்கிறேன். ஆழம், களி இறங்கிய மினுமினுப்பு, பி.எச்., எல்லாம் பொருந்துகிறது. ஓடைக்கரை வெர்டிசாலாகவோ அதை நெருங்கியதாகவோ இருக்கும். வெடிப்பு மட்டும் போதாது. 30 சதவீதத்துக்குக் குறையாத களி வேண்டும், ஒரு மீட்டருக்குள் மண் கட்டிகள் ஒன்றையொன்று உரசி வழுக்கிய பளபளப்பான சாய்வுப் பரப்பு வேண்டும். அதை நேரில் பார்க்க வேண்டும். ஒரே கருங்கல்லிலிருந்து மேலே சிவப்பும் கீழே கறுப்பும் எப்படி என்றால், மேட்டில் தண்ணீர் வடிந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைந்த சிலிக்காவையும் கீழே இறக்கிவிடுகிறது. மேட்டில் மிஞ்சுவது கயோலினைட் என்ற ஊதாத களியும் இரும்பும். இறங்கியதெல்லாம் பள்ளத்தில் தேங்கி அங்கே ஊதிச் சுருங்கும் களி உண்டாகிறது. தக்காணம் முழுக்க இந்தச் சங்கிலியைப் பார்க்கலாம். கறுப்பைப் பார்த்து மக்கு நிறைய என்று நினைத்துவிட வேண்டாம், கரிசலில் கரிமச்சத்து பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழேதான்.

இப்போது நடுச்சரிவு. 40 செ.மீ.யில் பாதி மக்கிய பாறை. நம் ஆய்வு அளவில் 25 முதல் 50 செ.மீ. வரை ‘ஆழம் குறைந்த மண்’. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 40 செ.மீ.யில் கல் 35 பங்கு போனால் உண்மையான மண் 26 செ.மீ. மீட்டர் மண்ணுக்குச் செடி எடுக்கக்கூடிய தண்ணீர் தோராயமாக 100 மி.மீ. என்று வைத்தால், அங்கே நிற்பது 26 மி.மீ. சித்திரை வெயிலில் நாளைக்கு 5 மி.மீ. போனாலும் ஐந்து நாளில் காலி. மேட்டில் அதே கணக்குக்கு 150 மி.மீ. சொட்டுநீர் ஒரு வாரம் அடைத்துக்கொண்டால் மேட்டுக் கன்று தாங்கும், நடுச்சரிவுக் கன்று தாங்காது. உங்கள் கார்டில் இருக்கும் பன்னிரண்டு எண்ணில் எதுவும் இதைச் சொல்லாது.

கன்று போனதற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள். உங்கள் கையில் கொடுத்த தாளை நம்பித்தான் செய்தீர்கள்.

கர்நாடகத்தில் சுஜலா நீர்ப்பிடிப்புத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 1:7,920 அளவுள்ள கிராம நில வரைபடத்தை வைத்து, சர்வே எண் வாரியாக மண்ணைப் பிரித்தார்கள். ஒரு மைலுக்கு எட்டு அங்குலம். அந்த அளவில்தான் உங்கள் சரளைக்காடு தனியாகத் தெரியும். மாவட்ட வரைபடத்தில் அது ஒரு புள்ளிகூட ஆகாது.

கரிசல் பிள்ளை (மாரத்தஹள்ளி) – திங்கள், இரவு 9:25

அந்தத் தண்ணீர்க் கணக்கு எங்கள் தாத்தாவிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அக்கா, மிச்சம் பதினான்கு கன்றை என்ன செய்யப் போகிறீர்கள்?

செவக்காட்டு மகள் (கே.ஆர்.புரம்) – செவ்வாய், காலை 6:50

ஆடி மழைக்கு முன் அந்த பதினான்கையும் வேர்மண்ணோடு எடுத்து மேட்டு வரப்போரம் மாற்றப் பார்க்கிறேன். பிழைத்தது பிழைக்கட்டும். சரளைக்காட்டில் இந்த வருடம் கொள்ளு. சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு போட, பொறுக்கி எறிந்த அதே கல் வேலிப் பக்கம் கிடக்கிறது.

ஒன்று மட்டும் தெரியவில்லை ஐயா. மேட்டு மண் எங்கே முடிகிறது, சரளை எங்கே தொடங்குகிறது? நாற்பதாவது கன்றுக்கும் நாற்பத்தொன்றாவது கன்றுக்கும் நடுவிலா, இன்னும் மேலேயா? மேலே மூன்றாவது வரிசையிலும் இரண்டு கன்று கொஞ்சம் சுணங்கி நிற்கிறது.

குழிக்காரர் (மத்திகெரே) – செவ்வாய், காலை 7:15

அதற்கு இனிக் குழி வெட்ட வேண்டாம், ஆகர் (மண்ணைத் துளைத்து எடுக்கும் திருகுக் கருவி) போதும். மேலிருந்து கீழே பத்தடிக்கு ஒன்றாக இறக்கிக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் கல் தட்டுகிறதோ அதுதான் எல்லை. அந்த இரண்டு கன்றிலிருந்தே தொடங்கலாம். ஆகரும் நிற அட்டைப் புத்தகமும் அமிலச் சீசாவும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிறு காலை ஆறு மணிக்கு சில்க் போர்டு மேம்பாலத்துக்குக் கீழே, ஒசூர் பேருந்து நிற்கும் இடத்தில் இருப்பேன். ஓடைக் குழியை மூடிவிடாதீர்கள், அந்த வழுக்குப் பரப்பை நான் பார்க்க வேண்டும்.